செய்ததைச் சொல்லுங்கள்! முதல் இன்டர்வியூவிலிருந்து முதல் ஆண்டு வரை

பட்டம் கையில் இருக்கிறது. மதிப்பெண்ணும் மோசமில்லை. ஆனாலும் இன்டர்வியூ அறைக்குள் போனதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தடை எங்கே இருக்கிறது, அதை எப்படித் தாண்டுவது, வேலை கிடைத்த பிறகு முதல் ஆண்டை எப்படிக் கடப்பது? முதல் முறையாக வேலை தேடும் இளைஞர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்குமான வழிகாட்டி இது.

தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவிகிதம் என்கிறது 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கை. நாட்டின் சராசரி 28.4 சதவிகிதம்தான். இந்தப் பெருமைக்குப் பின்னால் இருக்கும் வீடுகள் பலவற்றில், கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இந்தத் தலைமுறைப் பிள்ளைதான். ஃபீஸ் கட்ட அப்பா கடன் வாங்கியிருப்பார், அம்மா நகையை அடகு வைத்திருப்பார். ஆனால், ‘இன்டர்வியூவில் என்ன கேட்பாங்க, எப்படிப் பதில் சொல்லணும்?’ என்று பிள்ளை கேட்டால், சொல்லித்தர அந்த வீட்டில் ஆள் கிடையாது. அலுவலக வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த விஷயமெல்லாம் சாப்பிடும்போது பேசும் பேச்சிலேயே காதில் விழுந்துவிடுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு.

அப்படிச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘இங்கிலீஷ் வராது, அதனால வேலை கிடைக்காது’ என்று பிள்ளைகள் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். ஆங்கிலம் தேவைப்படும் வேலைகள் நிறைய இருக்கின்றன. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், புதியவர்கள் பலர் தோற்கும் இடம் வேறு. தாங்கள் செய்த ஒரு வேலையை, எதிரில் இருப்பவர் நம்பும்படி விவரமாகச் சொல்ல அவர்களுக்குத் தெரிவதில்லை. செய்ததே சொல்லத் தகுந்தது என்றுகூட அவர்கள் நினைப்பதில்லை. இந்த ஒன்றைச் சரிசெய்துவிட்டால், இன்டர்வியூவும் கைக்கு வரும், அதன் பிறகான முதல் ஆண்டும் கைக்கு வரும்.

அந்த அறையில் என்ன நடக்கிறது?

ஐ.டி. நிறுவனங்களின் கேம்பஸ் தேர்வு பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகும். முதலில் ஆன்லைன் ஆப்டிட்யூட் தேர்வு: கணக்கு, தர்க்கம், ஆங்கிலம், கோடிங். அதில் தேறினால் டெக்னிக்கல் ரவுண்டு. கடைசியாக ஹெச்.ஆர். ரவுண்டு. சில நிறுவனங்கள் நடுவில் குரூப் டிஸ்கஷன் வைக்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கத் தொழிற்சாலைகளில் டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கான வாக்-இன் வேறு மாதிரி இருக்கும். வெர்னியர் காலிபரைக் கையில் கொடுத்து ‘இதுல எவ்வளவு காட்டுது?’ என்பார்கள். டிராயிங்கை நீட்டி ‘இந்தக் குறியீடு எதுக்கு?’ என்பார்கள். வங்கி அதிகாரிகளுக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வில், மெயின் தேர்வு மதிப்பெண்ணுக்கு 80 பங்கு, நேர்காணலுக்கு 20 பங்கு.

வடிவம் எதுவானாலும், நேர்முகமாக உட்கார்ந்து பேசும் அந்தக் கட்டத்தில் நடப்பது ஒன்றுதான். ‘இந்த ஆளிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் முடிப்பாரா?’ என்று எதிரில் இருப்பவர் தேடிக்கொண்டிருக்கிறார். இதை எப்படித் தேடினால் சரியாக வரும் என்று உளவியல் ஆய்வாளர்கள் பல காலமாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஃப்ராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனம் போன போக்கில் பேசிப் பார்க்கும் இன்டர்வியூவைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் போடும் இன்டர்வியூதான் ஒருவரின் வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்றது அது. 2022-ல் பால் சாக்கெட் தலைமையிலான குழு பழைய கணக்குகளைத் திருத்திப் பார்த்தபோது, அந்த வகை இன்டர்வியூ பட்டியலின் முதலிடத்துக்கே வந்தது.

இந்த முறையைக் கையாளும் நிறுவனத்தில் உங்கள் பதிலில் உள்ள விவரத்துக்கு மதிப்பெண் விழுகிறது. ‘குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?’, ‘ஒரு வேலை நினைத்தபடி நடக்காமல் போனது எப்போது?’ என்றெல்லாம் கேட்பது அதற்காகத்தான். பொதுவாக ஏதாவது சொல்லி ஒப்பேற்ற நினைத்தால், எதிரில் இருப்பவரின் தாளில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும்.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்க’

கிட்டத்தட்ட எல்லா இன்டர்வியூவும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் மனப்பாடம் செய்து வருகிறார்கள். பெயர், சொந்த ஊர், அப்பா தொழில், அம்மா இல்லத்தரசி, கிரிக்கெட் பிடிக்கும், பாட்டு கேட்பேன், கடின உழைப்பாளி, எல்லோருடனும் பழகுவேன். பயோடேட்டாவில் ஏற்கெனவே இருப்பதையே திரும்பப் படிக்கும் பதில் இது. இதில் எதையும் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்க முடியாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். நாமக்கல் பக்கம் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த ஒரு மாணவரை வைத்துக்கொள்வோம். லாரி பாடி கட்டுவதில் பெயர் போன ஊர் நாமக்கல். லீவு நாட்களில் அவர் மாமாவின் பாடி பில்டிங் பட்டறையில் வேலை பார்த்திருக்கிறார். ஆனால், ரெஸ்யூமேயில் அது இல்லை. ‘பட்டறை வேலையைப் போய் யாராவது எழுதுவாங்களா?’ என்ற கூச்சம். அதற்குப் பதிலாக, இன்டர்நெட்டில் இருந்து இறக்கிய ஒரு ப்ராஜெக்ட்டின் தலைப்பை எழுதி வைத்திருக்கிறார். அதில் இரண்டாவது கேள்வி கேட்டால் பதில் வராது.

அதே மாணவர் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

“மூணு வருஷம் மெக்கானிக்கல் டிப்ளமோ படிச்சேன் சார். லீவுல லாரி பாடி கட்டுற பட்டறையில வேலை பார்த்தேன். அங்க இரும்பு சேனலை வெட்டும்போது துண்டு துண்டா மிஞ்சும். அதெல்லாம் ஒரு மூலையில குவிஞ்சு கிடக்கும். தேவையான நீளத்துல துண்டு இருந்தாலும் தேட நேரம் இல்லாம புது சேனலையே எடுத்து வெட்டுவாங்க. நான் அந்தத் துண்டுகளை நீளவாரியா அடுக்கி, ஒவ்வொண்ணு மேலயும் அளவை எழுதி வெச்சேன். அதுக்கப்புறம் மேஸ்திரி புதுசை எடுக்கறதுக்கு முன்னாடி அந்த அடுக்கைத்தான் பார்ப்பாரு.”

அரை நிமிடப் பேச்சுதான். ஆனால், எதிரில் இருப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார இது போதும். ‘எதால எழுதுனீங்க?’ என்று கேட்பார். ‘முதல்ல சாக்பீஸ்ல எழுதுனேன், அழிஞ்சுபோச்சு. அப்புறம் பெயின்ட்ல எழுதுனேன்.’ ‘மேஸ்திரி முதல்லயே ஒத்துக்கிட்டாரா?’ ‘இல்ல சார், இடத்தை அடைக்குதுன்னு திட்டுனாரு. சுவரோரமா ஸ்டாண்டு அடிச்சு நிறுத்துனதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல.’ கேள்வி வர வர இந்த மாணவருக்குத் தெம்பு கூடுகிறது. சொல்வதெல்லாம் தன் கையால் செய்தது என்பதால், எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் பதில் இருக்கிறது. வீணாவதைக் குறைப்பது, பொருளை ஒழுங்காக வைப்பது ஆகியவற்றைத்தான் பெரிய தொழிற்சாலைகள் காசு செலவழித்துத் தங்கள் ஆட்களுக்குக் கற்றுத்தருகின்றன. இவர் அதைத் தானாகச் செய்திருக்கிறார்.

இந்தப் பதிலுக்குள் நான்கு படிகள் இருக்கின்றன. நிலைமை என்ன, அதில் உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, அதனால் என்ன மாறியது. இன்டர்வியூப் பயிற்சி தருகிறவர்கள் இதை ‘ஸ்டார்’ முறை என்பார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் படியிலேயே அதிக நேரம் நின்றுவிடுகிறார்கள். ‘நாங்க செஞ்சோம், எங்க டீம் முடிச்சது’ என்று மூன்றாவது படியை மழுப்புகிறார்கள். டீம் நான்கு பேர் என்றால், அதில் உங்கள் கை பட்ட பகுதி எது என்று சொல்லுங்கள். நான்காவது படியில் ஒரு எண் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கண்ணால் பார்த்த மாற்றத்தைச் சொல்லுங்கள். இல்லாத எண்ணை மட்டும் உருவாக்காதீர்கள். ‘இதை எப்படிக் கணக்குப் பண்ணீங்க?’ என்ற ஒரே கேள்வியில் அது உடைந்துவிடும்.

இப்படிச் சொல்ல ஐந்தாறு அனுபவங்களைத் தயாராக வைத்திருங்கள். தீபாவளி நேரத்தில் ஜவுளிக் கடையில் நின்றது, முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போனது, என்.எஸ்.எஸ். முகாமில் சமையல் பொறுப்பை எடுத்தது, தம்பி தங்கைகளுக்கு டியூஷன் எடுத்தது எல்லாமே கணக்கில் வரும். கேட்டரிங்கில் ஒரு பந்தி முடிந்து அடுத்த பந்தி உட்காரும் இடைவெளிக்குள் இலை போட்டுப் பரிமாறத் தயாரானவருக்கு, நெருக்கடியில் வேலை செய்வது என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆங்கிலமும் மற்ற பயங்களும்

ஆங்கிலத்தில் பேச வேண்டிய இன்டர்வியூ என்றால், சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். நடை அழகுக்கு யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை; சொல்வது புரிய வேண்டும், அவ்வளவுதான். தினமும் பத்து நிமிடம் உங்கள் ப்ராஜெக்ட்டை வாய்விட்டு விளக்கி, போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே தடுமாறுகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். மறுநாள் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யுங்கள். முழுப் பதிலையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்ததும் எல்லாமே நின்றுவிடும். சொல்ல வேண்டிய விஷயங்களை வரிசையாக நினைவில் வையுங்கள், சொற்கள் அந்த நேரத்தில் வரட்டும். ஒரு நுட்பமான இடத்தில் சிக்கிக்கொண்டால், ‘இதை மட்டும் தமிழில் சொல்லலாமா?’ என்று கேட்பதில் தவறில்லை. எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரிந்தால், பலர் சரி என்றே சொல்வார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேச வேண்டிய வேலைக்கு இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. அங்கே பயிற்சியைத் தவிர வேறு வழி கிடையாது.

விடை தெரியாத கேள்வி கட்டாயம் வரும். தெரிந்த மாதிரி சுற்றி வளைப்பதுதான் பெரிய தவறு. ‘இது எனக்குத் தெரியாது. ஆனா, இதோட சம்பந்தப்பட்ட இது தெரியும், அதை வெச்சு யோசிச்சா இப்படி இருக்கலாம்னு நினைக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். தெரியாததை ஒத்துக்கொள்ளும் ஆளை நம்பி மெஷினையும் கொடுக்கலாம், கோடிங் வேலையையும் கொடுக்கலாம்.

அரியர் இருந்ததா, படிப்பு முடிந்து ஒரு வருடம் இடைவெளி விழுந்ததா? காரணத்தை இரண்டு வரியில் நேராகச் சொல்லுங்கள். அதன் பிறகு என்ன செய்தீர்கள் என்பதை நான்கு வரியில் சொல்லுங்கள். வருத்தப்பட்டுக்கொண்டே விளக்கம் கொடுத்தால், பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே நின்றுவிடும்.

பெண்களிடம் இன்றும் சில இடங்களில் ‘கல்யாணம் எப்போ?’, ‘வீட்டுல நைட் ஷிஃப்டுக்கு விடுவாங்களா?’ என்று கேட்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டிலேயே சம ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது. இந்த மாதிரிக் கேள்விக்குக் குடும்ப விவரம் எதையும் சொல்லத் தேவையில்லை. ‘இந்த வேலையின் நேரத்தைப் படித்துப் பார்த்துத்தான் விண்ணப்பித்தேன். என்னால் செய்ய முடியும்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேலும் தோண்டித் துருவுகிறார்கள் என்றால், அந்த நிறுவனத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ இன்டர்வியூவில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பக்கத்தில் நண்பரை உட்கார வைத்தோ, இன்னொரு திரையில் ஏ.ஐ. சொல்வதைப் பார்த்துப் படித்தோ சமாளிக்க நினைக்கிறார்கள். கண் போகும் திசையும், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் விழும் இடைவெளியும் காட்டிக்கொடுத்துவிடும். ஏ.ஐ.யை இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் பயன்படுத்துங்கள். உங்கள் ரெஸ்யூமேயைக் கொடுத்து, ‘இதைப் பார்த்து என்னைக் குடைந்து கேள்வி கேள்’ என்று சொல்லுங்கள். பயிற்சிக்கு அதைவிடப் பொறுமையான ஆள் கிடைக்காது.

அனுபவத்துக்கு எங்கே போவது?

‘அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை’ என்பது பட்டதாரிகளின் நியாயமான புலம்பல். இந்த முடிச்சை அவிழ்க்க இருக்கும் வழிகளில் மிகப் பழையது அப்ரன்டிஸ் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் நடப்பது இது. பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் ஓராண்டுப் பயிற்சி. 2019-ல் திருத்தப்பட்ட விதிகள் மாத உதவித்தொகையாகப் பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று நிர்ணயித்தன. தென் மாநிலங்களுக்கான அப்ரன்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களும் போக்குவரத்துக் கழகங்களும் இதன் வழியே ஆள் எடுக்கின்றன. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்கும் என்று உறுதி கிடையாது. ஆனால், ஓராண்டு ஒரு நிறுவனத்தின் உள்ளே வேலை பார்த்ததற்கு அரசுச் சான்றிதழ் கிடைக்கிறது. அடுத்த இன்டர்வியூவில் சொல்ல நிறைய விஷயமும் கிடைக்கிறது.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் நடக்கின்றன. பலர் மதிப்பெண்ணுக்காக ஒப்புக்கு முடித்துவிட்டுப் போகிறார்கள். ஒரே ஒரு பயிற்சியை உருப்படியாகச் செய்து, அதில் கற்றதை வைத்து ஏதாவது ஒன்றைச் செய்து பாருங்கள். ரெஸ்யூமேயில் ஐந்து சான்றிதழ்களுக்கு இல்லாத கனம் அந்த ஒன்றுக்கு வரும். மத்திய அரசு 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தொடங்கியது. 21 முதல் 24 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெரிய நிறுவனங்களில் 12 மாதம் பயிற்சியும் மாதம் 5,000 ரூபாயும் என்று அது அறிவிக்கப்பட்டது.

பணம் வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தரும் இடங்களும் பெருகிவிட்டன. அங்கே போகாத நாட்களுக்குச் சான்றிதழ் வாங்கினால், ‘அந்த ஒரு மாசம் என்ன பண்ணீங்க?’ என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. அதற்குப் பதில் ஊரிலேயே இருக்கும் ஒரு சின்னப் பட்டறையிலோ ஆடிட்டர் ஆபீஸிலோ சம்பளமில்லாமல் நின்று கற்றுக்கொள்வது எவ்வளவோ மேல்.

வேலைக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

முறையாக ஆள் எடுக்கும் எந்த நிறுவனமும் வேலை தருவதற்குப் பணம் வாங்குவதில்லை. ‘டெபாசிட்’, ‘டிரெய்னிங் ஃபீஸ்’, ‘பேக் டோர்’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது ஏமாற்று வேலை. வெளிநாட்டு வேலை என்றால் இரட்டை எச்சரிக்கை வேண்டும். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிக்கொண்ட தமிழ் இளைஞர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் பணம் ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். கொடுத்துவிட்டு வரக் கூடாது. பாண்டில் கையெழுத்து கேட்டால், எத்தனை ஆண்டு, விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டையும் படித்துப் பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

ஆஃபர் லெட்டரைப் படிக்கத் தெரியுமா?

‘மூணு லட்சத்து அறுபதாயிரம் பேக்கேஜ்’ என்றதும் வீட்டில் எல்லோரும் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 30,000 ரூபாய் என்று சந்தோஷப்படுகிறார்கள். முதல் மாதச் சம்பளம் வங்கியில் விழும்போது ஏமாற்றம். காரணம், அந்த 30,000 என்பது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு.

அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு 12 சதவிகிதம், அதாவது 1,800 ரூபாய். கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 720 ரூபாய். மருத்துவக் காப்பீட்டுக்கு 500 ரூபாய் என்று கொள்வோம். இவை மூன்றும் போக சுமார் 27,000 ரூபாய். அதிலிருந்து உங்கள் பி.எஃப். பங்கு இன்னொரு 1,800 போகும். தொழில் வரியும் உண்டு. ஆகக் கைக்கு வருவது சுமார் 25,000 ரூபாய். பேக்கேஜுக்குள் ‘வேரியபிள் பே’ என்று ஒன்று இருந்தால் இன்னும் குறையும். ‘டேக் ஹோம் எவ்வளவு வரும்?’ என்று ஹெச்.ஆரிடம் கேட்பதில் கூச்சமே வேண்டாம். சென்னையில் வாடகையும் சாப்பாடும் அந்தத் தொகையை நம்பித்தான் இருக்கின்றன.

பி.எஃப்.புக்காகத் தரப்படும் யு.ஏ.என். எண் வாழ்நாள் முழுவதும் ஒன்றுதான். கம்பெனி மாறினாலும் அதையே கொடுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. எனும் அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. 0.75 சதவிகிதம் உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள், 3.25 சதவிகிதம் நிறுவனம் கட்டும். இ.எஸ்.ஐ. அட்டையால் உங்கள் பெற்றோரின் சிகிச்சைக்கும் வழி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ‘அதெல்லாம் அப்புறம் தர்றோம்’ என்றால், விடாமல் கேட்டு வாங்குங்கள்.

முதல் 90 நாட்கள்

வேலையில் சேர்ந்த புதிதில் உங்களிடம் யாரும் அதிசயங்களை எதிர்பார்ப்பதில்லை. சொன்ன வேலையைப் புரிந்துகொள்கிறாரா, சொன்ன நேரத்துக்கு முடிக்கிறாரா, முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்கிறாரா என்ற மூன்றைத்தான் பார்க்கிறார்கள்.

புரிந்துகொள்வதற்கு ஒரு பாக்கெட் நோட்டு போதும். சூப்பர்வைசரோ டீம் லீடோ வேலை சொல்லும்போது எழுதுங்கள். எழுதி முடித்ததும், ‘இதை முதல்ல முடிச்சு, அதுக்கப்புறம் அது, சாயந்திரம் நாலு மணிக்குள்ள உங்ககிட்ட காட்டணும், சரிங்களா?’ என்று திருப்பிச் சொல்லுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

சந்தேகம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அரை மணி நேரம் நீங்களே முயன்று பாருங்கள். பிறகு போய், ‘வரல’ என்று மட்டும் சொல்லாமல், ‘இதைச் செஞ்சு பார்த்தேன், இந்த எரர் வந்தது, அதுக்கப்புறம் இப்படி மாத்திப் பார்த்தேன்’ என்று சொல்லுங்கள். எத்தனை வேலை இருந்தாலும் அப்படிக் கேட்பவருக்குச் சொல்லித்தர ஆட்களுக்கு மனது வரும். பயந்துகொண்டு மூன்று நாள் ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டு, கடைசி நாளில் கையை விரிப்பதுதான் புதியவர்கள் பெயரைக் கெடுத்துக்கொள்ளும் வழி.

தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறும் பத்து நிமிடத்தைக் கவனியுங்கள். அனுபவமுள்ள ஆபரேட்டர் அடுத்தவரிடம், ‘மூணாம் நம்பர் மெஷின்ல மதியத்துல இருந்து சத்தம் மாறியிருக்கு. மெயின்டனன்ஸ்ல சொல்லிட்டேன், இன்னும் வரல. ரிஜெக்ஷன் ட்ரேயில ஏழு பீஸ் இருக்கு, எண்ணிக்கோ’ என்பார். அந்த மூன்று வாக்கியங்களுக்குள் நடந்தது, செய்தது, மிச்சம் இருப்பது எல்லாம் வந்துவிடுகின்றன. புதிதாகச் சேர்ந்த டிரெய்னி ‘எல்லாம் ஓகேண்ணா’ என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடுகிறார். அந்த ஆபரேட்டர் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவராக இருக்கலாம், நீங்கள் இன்ஜினீயராக இருக்கலாம். அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்பவர்தான் சீக்கிரம் மேலே வருகிறார். மெஷினின் சத்தத்தில் இருக்கும் வித்தியாசம் எந்தப் பாடப்புத்தகத்திலும் அச்சாகி வருவதில்லை.

ஐ.டி.யில் முதல் சில மாதங்கள் பயிற்சியிலும், ப்ராஜெக்ட் கிடைக்காமல் ‘பெஞ்ச்’சிலும் போகலாம். அந்த நாட்களைப் படிக்கச் செலவிடுங்கள். வேலை ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டீமின் மீட்டிங்கில் உட்கார்ந்து கேட்க அனுமதி கேளுங்கள்.

வேலையிடத்தில் அத்துமீறல் நடந்தால் ‘புதுசா சேர்ந்திருக்கோம், எப்படிச் சொல்றது’ என்று எந்தப் பெண்ணும் விழுங்கிக்கொள்ளக் கூடாது. 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். டிரெய்னிக்கும் அப்ரன்டிஸுக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

வேலை பிடிக்காமல் போவதும் உண்டு. அப்போது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். நோட்டீஸ் பீரியடை முடித்து, ரிலீவிங் லெட்டரையும் அனுபவச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அடுத்த நிறுவனம் உங்கள் பின்னணியைச் சரிபார்க்கும்போது கேட்பது அந்தக் காகிதங்களைத்தான்.

முதல் ஆண்டில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பத்து நிமிடம் உட்கார்ந்து, அந்த வாரம் என்ன செய்தீர்கள், எங்கே சிக்கினீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். ஆண்டு முடிவில் சம்பள உயர்வு பேசும்போது உங்கள் கையில் சான்று இருக்கும். இரண்டு ஆண்டு கழித்து வேறு இடத்துக்கு இன்டர்வியூ போகும்போது, ‘என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்விக்குப் பதில்கள் தயாராக இருக்கும்.

இன்டர்வியூவுக்கு முந்தைய நாள்

* நிறுவனம் என்ன செய்கிறது, அதன் தொழிற்சாலை அல்லது அலுவலகம் எங்கே இருக்கிறது, எந்த வேலைக்கு உங்களை எடுக்கிறார்கள் என்ற மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்.
* ரெஸ்யூமேயில் இருக்கும் ஒவ்வொரு வரியிலிருந்தும் மூன்று கேள்விகளை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லாத வரியை எடுத்துவிடுங்கள்.
* துவைத்து இஸ்திரி போட்ட சட்டையோ சுடிதாரோ போதும். புதுத் துணி வாங்கக் கடன் வாங்க வேண்டாம்.
* வீடியோ இன்டர்வியூ என்றால் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருங்கள். போனை எதன் மீதாவது சாய்த்து நிறுத்தி வையுங்கள், கையில் பிடிக்காதீர்கள்.
* அவர்களிடம் கேட்க இரண்டு கேள்விகள் வைத்திருங்கள். ‘முதல் மூணு மாசத்துல என்ன கத்துக்கணும்னு எதிர்பார்க்கிறீங்க?’ என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

பொறுப்பு யாருக்கெல்லாம்?

இந்தச் சுமை முழுவதையும் இருபத்தொரு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் பிரிவுகள் டை கட்டுவதையும் கைகுலுக்குவதையும் சொல்லித்தர எடுக்கும் அக்கறையில் பாதியை, மாணவர் தன் கையால் செய்த ஒன்றைப் பற்றிப் பேச வைப்பதில் காட்டினால் போதும். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறை வகுப்பின் முன் நின்று, ஐந்து நிமிடம் தன் வேலையை விளக்கட்டும், நண்பர்கள் கேள்வி கேட்கட்டும். இதற்குப் பணமோ வெளியிலிருந்து பயிற்சியாளரோ தேவையில்லை.

நிறுவனங்களும் ஒன்று செய்யலாம். நிராகரித்தவர்களுக்குக் காரணத்தை ஒரு வரியில் சொல்லலாம். காலை ஐந்து மணி பஸ் பிடித்து, நாள் முழுக்கக் காத்திருந்து, ‘சொல்லி அனுப்புறோம்’ என்ற சொல்லோடு திரும்பும் பிள்ளைக்கு, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது இருக்க வேண்டும். பெற்றோர் ‘என்னாச்சு, கிடைச்சுதா?’ என்று கேட்பதற்கு முன், ‘என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே?’ என்று கேட்கலாம். வீட்டில் இன்டர்வியூவைப் பற்றிய பேச்சு அப்படித்தான் தொடங்கும். அடுத்து இன்டர்வியூவுக்குப் போகும் தம்பிக்கும் தங்கைக்கும் அந்தப் பேச்சு பயன்படும்.

இதைப் படிக்கும் நீங்கள் வேலை தேடுபவராக இருந்தால், இன்று ஒரு காரியம் செய்யுங்கள். இதுவரை நீங்கள் செய்ததில், யாருக்காவது பயன்பட்ட ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. நிலைமை, பொறுப்பு, செய்தது, மாறியது என்று நான்கு வரி எழுதி, வீட்டில் யாரிடமாவது சத்தமாகச் சொல்லிக்காட்டுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால், இன்டர்வியூவுக்கு நீங்கள் தயாராகத் தொடங்கிவிட்டீர்கள்.